யோகா இருந்த புகைக்கூடு

இந்திரகுமாரின் மனைவி யோகா இறந்து இரண்டு வருடம் முடிந்திருந்தது. மெல்பனின் ஓக்லீயில் இருக்கும் அவர்களுடைய பழைய செங்கல் வீட்டின் புகைக்கூட்டுக்குள்தான் அவள் இருக்கிறாள் என்பது இந்திரகுமாரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. மகள் சிவாஜினிக்குத் தெரியாது. முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியைச் செய்துவைத்த ஐயருக்கும் தெரியாது. யோகாவின் சாம்பலை மோர்டியலொக் கடலில் கரைத்தாயிற்று என்றுதான் ஊர் முழுக்க நம்பிக்கொண்டிருந்தது.

இந்திரகுமார் பொய் பேசிப் பழகாத மனிதர். தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்த காலம் முழுவதும் ஒருநாள்கூடக் கள்ளக் காய்ச்சல் லீவு எடுத்தவரில்லை. அடுத்த வீட்டுத் தேசிக்காய் வேலிக்கு இந்தப் பக்கம் விழுந்தால்கூட எடுத்துக்கொண்டுபோய்க் கொடுக்கிற ஆள். இப்படிப்பட்டவர்களிடம் ஒரு சிக்கல் உண்டு. சின்னச் சின்னப் பொய் சொல்லி நாக்குப் பழகாததால், சொல்ல நேர்கிறபோது மலையளவு சொல்லிவிடுகிறார்கள்.

எரியூட்டும் இடத்தில் இருந்து சாம்பலை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தியேட்டிக்கு முதல்நாள், சொந்தக்காரர் எல்லோரும் போன பிறகு, இந்திரகுமார் முன்னறைச் சுவரில் குளிர்காயக் கட்டியிருந்த அடுப்பில் கிடந்த விறகுச் சாம்பலை அள்ளினார். யோகா கடைசியாக மூட்டிய நெருப்பின் சாம்பல் அது. அவளுடைய அரிதட்டிலேயே அதை அரித்துக் கட்டைக்கரியும் ஆணியும் நீக்கி, கடலுக்குக் கொண்டுபோக வாங்கி வைத்திருந்த மண்முட்டிக்குள் போட்டு, வெள்ளைத் துணியால் வாய் கட்டினார். மறுநாள் ஐயர் மந்திரம் சொல்ல, பூவும் பாலும் விட்டு, அந்த விறகுச் சாம்பலை முறைப்படி கடலில் கரைத்தார்கள். ஆண்பிள்ளை இல்லாத வீடு, அதனால் கரைத்தவரும் இந்திரகுமார்தான். பெண்கள் அந்தக் காரியத்துக்குக் கடற்கரைக்குப் போவதில்லை என்பது வழக்கம். சிவாஜினி வாசல் படலைவரைக்கும் வந்து, கார் திரும்பும்வரை நின்று அழுதாள்.

உண்மையான சாம்பல் யோகாவின் ஊறுகாய்ச் சாடிக்குள் போயிற்று. மேல்பாதி மண்ணிறம், கீழ்ப்பாதி பால் நிறம் என்று அந்தக் காலத்து வீடுகளில் இருக்குமே, அந்தச் சாடி. சுடுதண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, திரும்பவும் கழுவினார். எவ்வளவு கழுவியும் தேசிக்காய் வாசம் போகவில்லை. போகாதது நல்லது என்று நினைத்துக்கொண்டார்.

சாம்பலை வீட்டுக்குள் வைத்திருக்கக் கூடாது. அது அவருக்கும் தெரியும், அதை மீறுகிற துணிவும் அவருக்கு இல்லை. ஆனால் அந்த வீட்டின் புகைக்கூடு சுவரின் வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டு தரையிலிருந்து கூரைக்கு மேலே போகிறது. அதன் அடியில், பக்கவாட்டு நடைபாதையைப் பார்த்தபடி, கரி அள்ளுவதற்கு ஒரு சின்ன இரும்புக் கதவு. நிலக்கரி எரித்த காலத்தில் வைத்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு குழி. வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்றுதானே சொன்னார்கள், இது வெளியே என்று இந்திரகுமார் தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். வீட்டுக்குள்ளும் இல்லை, வீட்டை விட்டும் போகவில்லை. அவருக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது.

ஏன் இந்தக் கூத்து என்றால், யோகாவுக்குக் கடல் தண்ணீர் என்றால் பயத்தில் உயிர் போகும். கலியாணப் பதிவு எழுத்து முடிந்து அவர் கொழும்பில் காத்திருந்த வருடம், அவள் சண்டைக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறக் கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடந்து வந்தாள். வெடிச் சத்தம் கேட்டு வள்ளம் சரிந்தபோது பக்கத்தில் இருந்த ஒரு பெண் தண்ணீருக்குள் போனாள். அவளுடைய கை யோகாவின் கைக்குள் இருந்து வழுக்கிப் போயிற்று. யோகா இதை அவருக்கு ஒரே ஒருதரம்தான் சொன்னாள். மெல்பனுக்கு வந்த பிறகும் கடற்கரைக்குப் போனால் காரை விட்டு இறங்கமாட்டாள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காருக்குள் பின்னல் பின்னுவாள். குழந்தையாக இருந்த சிவாஜினி, அம்மாவுக்கு மணல் பிடிக்காது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தாள்.

அந்தக் கதையைச் சொன்ன அன்று யோகா அவரிடம் கேட்டது ஒன்றுதான்.

"பிள்ளைக்கு இதைச் சொல்லாதேங்கோ. அவள் தண்ணியைப் பாத்துச் சந்தோசப்படட்டும்."

அவர் சொல்லவில்லை. சொல்லாமல், கடலில் கரைக்க மாட்டேன் என்று மட்டும் எப்படி அடம்பிடிப்பது? ஐயர் நாள் குறித்தாயிற்று, சொந்தங்கள் லீவு போட்டாயிற்று. அவரும் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, இரவிரவாகச் சாம்பல் அரித்தார்.

அதன்பிறகு அவர் முன்னறையில் நெருப்பு மூட்டவே இல்லை. மூட்டினால் அந்தச் சூடும் புகையும் யோகா இருக்கிற கூட்டுக்குள்தானே போகும். ஒருதரம் எரித்தது போதும் என்று இருந்துவிட்டார். மெல்பன் குளிர் சும்மா விடுமா? முதல் வருடம் இருமல். இரண்டாம் வருடம் நெஞ்சில் சளி கட்டி, நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் படுத்தார். காலுக்கடியில் வைத்த ஒரு குட்டி மின்சார ஹீட்டரையும் இரண்டு கம்பளிச் சட்டைகளையும் நம்பி அந்தப் பெரிய வீட்டில் இருந்த மனிதர் பிழைத்து வந்ததே புண்ணியம் என்று டாக்டர் சொல்லாமல் சொன்னார்.

சிவாஜினி கிளென் வேவர்லியில் வீடு வாங்கியிருந்தாள். குழந்தை இன்னும் தவழவே தொடங்கவில்லை, அதற்குள் நல்ல பள்ளிக்கூடத்து எல்லைக்குள் வீடு. அந்த வீட்டில் அப்பாவுக்கென்று கீழே ஒரு அறையும் ஒதுக்கி, வாருங்கள் வாருங்கள் என்று கெஞ்சினாள். இந்திரகுமார் அசையவில்லை. காரணம் கேட்டால் ரயில் நிலையம் கிட்ட என்பார், மரக்கறிக் கடை கிட்ட என்பார். கிளென் வேவர்லியில் இரண்டும் இல்லையா என்று அவள் கேட்டால் பேச்சை மாற்றுவார். அப்பாவுக்கு மருமகனைப் பிடிக்கவில்லையோ என்று அவள் உள்ளுக்குள் மறுகினாள். பாவம், அந்தப் பெடியனிடம் ஒரு குறையும் கிடையாது.

கடைசியில் அவளே இறங்கி வந்தாள். நீங்கள் வராவிட்டால் போங்கள், வீட்டையாவது சூடாக்குவோம் என்று ஒரு விறகு ஹீட்டர் பார்த்து, அதைப் பொருத்துகிற ஆளையும் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆளின் பெயர் கொஸ்டா. ஓக்லீயில் பிறந்து வளர்ந்த கிரேக்கர், தம்பியும் அவரும் சேர்ந்து தொழில் செய்கிறார்கள். கொஸ்டா புகைக்கூட்டுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்து, ஒரு செங்கல்லை விரலால் சுரண்டிக் காட்டினார். இடையில் இருந்த சாந்து மாவாக உதிர்ந்தது. இப்படியே நெருப்பு மூட்டினால் புகை வெடிப்புகளால் கசிந்து படுக்கையறைக்குள் போகும், நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும் என்றார். அதற்குத்தான் லைனர். மேலிருந்து கீழ்வரை ஒரு ஸ்டீல் குழாயை உள்ளே இறக்கிவிட்டால் புகை அதற்குள்ளாலேயே போய்விடும், செங்கல்லைத் தொடாது. ஆனால் அதற்கு முதல் பழைய கரியை எல்லாம் பிரஷ் விட்டு இறக்கி, அடிக்கதவைத் திறந்து முழுக்கத் துப்புரவாக்க வேண்டும் என்று சொன்னார்.

அடிக்கதவு என்றதும் இந்திரகுமார் போய் அதற்கு முன்னால் நின்றுகொண்டார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் சுருண்டு படுத்திருந்த முகம் அது. என்ன காரணம் சொல்லி மறுப்பது? நல்லது பிள்ளை, செய் என்றார்.

சாடியை எடுத்து எங்கே வைப்பது என்பதுதான் அடுத்த தலையிடி. கராஜ் வீட்டோடு ஒரே கூரை, அதனால் சரிவராது. காரின் பின்பெட்டிக்குள் வைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்துவிட்டு வெட்கப்பட்டார். கடைசியில் வளவின் பின்மூலையில் புல்வெட்டி வைத்திருக்கும் தகரக் கொட்டிலைத் தெரிவு செய்தார். புல்வெட்டியை வெளியே தள்ளி, கொட்டிலைக் கழுவி, ஊதுபத்தி கொளுத்தி, ஒரு பலகையும் போட்டு வைத்தார். எல்லாம் தயார். ஆனால் கையை வைக்க மனம் வரவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். மழை வந்து கொஸ்டாவின் வேலையும் தள்ளிப்போக, அவருக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. பிறகு ஒருநாள் திங்கட்கிழமை வருகிறோம் என்று தகவல் வந்தது.

ஞாயிறு பின்னேரம் எடுத்துவிடுவோம் என்று அவர் நினைத்திருக்க, சிவாஜினி மடிக்கணினியும் கையுமாக வந்து இறங்கினாள். குழந்தையைக் கணவனிடம் விட்டுவிட்டு, வேலைக்காரர் வரும்போது அப்பாவுக்குத் துணையாக இருக்க வந்தாளாம். அவளுக்குச் சந்தோசம். குசினியில் நின்று சமைத்தாள், பாடினாள். குசினி யன்னல் நேரே புகைக்கூட்டு நடைபாதையைப் பார்த்தபடி இருக்கிறது. இந்திரகுமார் அந்தப் பக்கம் இரண்டு தரம் போய், இரண்டு தரமும் என்னப்பா தேடுறீங்கள் என்ற கேள்வியோடு திரும்பி வந்தார்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு அவளுக்குக் கணினியில் வேலைக்கூட்டம். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எழும்ப மாட்டாள். கொஸ்டா பதினொரு மணிக்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். இதைவிட வாய்ப்பு வராது. இந்திரகுமார் தோளில் ஒரு துவாயும் கையில் போல்ட் கழற்றும் சாவியுமாக இரும்புக் கதவுக்கு முன்னால் போய்க் குந்தினார். போல்ட்டில் சாவியைக் கொழுவினார். அப்போதுதான் அவருக்கு அது நினைவு வந்தது. திங்கட்கிழமை, ராகுகாலம்.

அவர் வாழ்நாளில் ராகுகாலம் பார்த்தவரில்லை. பார்த்தவள் யோகா. அதுவும் ஊர்க் கணக்கை ஏற்கமாட்டாள். இங்கே சூரியன் உதிக்கிற நேரம் வேறு என்று, கோயிலில் மெல்பனுக்கென்று அச்சடித்த நாட்காட்டியை வாங்கிவந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைப்பாள். ராகுவும் இந்த நாட்டுச் சிற்றிசன் எடுத்துவிட்டார், இனி உள்ளூர் நேரப்படிதான் டியூட்டி என்று அவர் பகிடி பண்ணுவார். அவள் சிரிக்கவும் செய்வாள், நேரமும் பார்ப்பாள். குளிர்கால மெல்பனில் திங்கள் ராகுகாலம் ஒன்பதுக்குச் சற்று முந்தித் தொடங்கிப் பத்து வரைக்கும் போகும். ஒரு கடிதத்தைத் தபாலில் போடக்கூட அவள் விடாத நேரம். அந்த நேரத்தில் அவளையே தூக்கி இடம் மாற்றுவதா?

இந்திரகுமார் சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பத்து மணி வரைக்கும்தானே, பொறுத்துக்கொள் என்று சுவருக்குச் சொன்னார். குளிரில் மூக்கு ஒழுக, அப்படியே குந்திக்கொண்டு இருந்தார். உயிரோடு இருந்தபோது அவளுக்காக இவ்வளவு பொறுமையாக ராகுகாலம் காத்ததில்லையே என்று அவருக்குத் துக்கமாக இருந்தது.

பத்து மணி ஆவதற்குள் கொஸ்டாவின் வண்டி வாசலில் வந்து நின்றது. காலை வேலை ஒன்று கைவிட்டுப் போய்விட்டது, அதனால் நேரத்தோடு வந்துவிட்டோம், பரவாயில்லையா என்று கேட்டார். பரவாயில்லை என்று இந்திரகுமாரின் நாக்கு தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. இத்தனை வருடத்து மரியாதை ஆங்கிலம், அதற்கு வேறு பதில் தெரியாது. பிறகு பதறிப்போய், முதலில் தேத்தண்ணி குடியுங்கள் என்றார். கொஸ்டா சிரித்துக்கொண்டு சரியென்றார். இந்திரகுமார் குசினிக்கு ஓடி, கேத்திலை வைத்துக்கொண்டே எப்படிச் சொல்வது என்று வசனம் கட்டினார். அந்தக் கதவுக்குள் என் மனைவி இருக்கிறாள், கொஞ்சம் பொறுங்கள். ஆங்கிலத்தில் அதைச் சொல்லிப் பார்த்தபோது பொலிசைக் கூப்பிடுகிற வசனம் மாதிரி இருந்தது. சாமான் ஒன்று இருக்கிறது என்று சொல்லலாமா? யோகாவைச் சாமான் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

தேத்தண்ணியோடு அவர் வெளியே வந்தபோது கொஸ்டா மட்டும்தான் நின்றார். தம்பி எங்கே என்று கேட்டார். தம்பிக்குத் தேத்தண்ணி பழக்கமில்லை, மேலே ஏறிவிட்டான் என்று கொஸ்டா விரலைக் காட்டினார். வீட்டின் மற்றப் பக்கத்தால் ஏணி வைத்துக் கூரைக்குப் போன அந்த மனிதர், நீண்ட கம்பில் பூட்டிய பிரஷ்ஷைப் புகைக்கூட்டின் வாய்க்குள் விட்டு ஒரு தள்ளுத் தள்ளினார். உள்ளே கரி சொரிகிற சத்தம் கேட்டது. நிற்பாட்டச் சொல்லுங்கள் என்று இந்திரகுமார் சொன்னார். கொஸ்டா என்னவென்று விளங்காமல் கையைக் காதில் வைத்துக் குனிந்தார். மேலே உள்விளிம்பில் இருந்து கழன்ற ஒரு செங்கல் சுவரில் இரண்டு மூன்று இடத்தில் மோதிக்கொண்டு கீழே வந்தது. அடியில் ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை, குசினியில் ஒரு பீங்கான் கைதவறினால் கேட்குமே அவ்வளவுதான்.

தேத்தண்ணிக் கோப்பை இந்திரகுமாரின் கையில் இருந்து விழுந்தது. அவர் அப்படியே படிக்கட்டில் இருந்துவிட்டார். வயதான மனிதருக்கு மயக்கம் போல என்று கொஸ்டா தோளைப் பிடித்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினார். தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் கொஸ்டா தன் வேலைக்குப் போனார். கதவுப் போல்ட்டைக் கழற்றுகிற சத்தமும், கரி உறிஞ்சுகிற இயந்திரத்தின் இரைச்சலும் நடைபாதையில் இருந்து வந்தன. எழும்பு, போய்த் தடு என்று இந்திரகுமாரின் மனம் கத்தியது. அவரால் முடியவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்ற நினைப்பே ஆளைப் படிக்கட்டோடு கட்டியது போல வைத்திருந்தது.

இயந்திரம் திடீரென்று நின்றது. கொஸ்டா கூப்பிட்டார். இரைச்சல் கேட்டுக் கூட்டத்தை விட்டு எழும்பி வந்த சிவாஜினியும் இந்திரகுமாருமாகத்தான் நடைபாதைக்குப் போனார்கள். கொஸ்டா இரண்டு கையிலும் ஓட்டுத் துண்டுகளை வைத்துக்கொண்டு நின்றார். இதில் ஏதோ இருந்திருக்கிறது, கவனிக்காமல் பாதிக்கு மேல் இழுத்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார்.

சிவாஜினி ஒரு துண்டை வாங்கிக் கரியைத் துடைத்தாள். மண்ணிறம் தெரிந்தது. இந்தச் சாடியைத் தனக்குத் தரும்படி அவள் அப்பாவிடம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். கோயில் மடைப்பள்ளிக்குக் கொடுத்துவிட்டேன் என்று அவர் சொல்லியிருந்தார்.

"இது அம்மான்ர ஊறுகாய்ச் சாடியெல்லோ. இது ஏன் சிம்னிக்குள்ள?"

"பிள்ளை, அம்மா அதுக்குள்ளதான் இருந்தவ" என்றார் இந்திரகுமார்.

அவள் முதலில் அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று நினைத்தாள். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அரிதட்டைச் சொன்னார், விறகுச் சாம்பலைச் சொன்னார், கடலில் கரைத்தது எது என்பதையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் கையை எடுத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள். ஏன் என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்குத்தான் அவருக்குப் பதில் சொல்ல அனுமதி இல்லாமல் இருந்தது. சாடியே உடைந்துவிட்டது, இனிச் சத்தியத்தை வைத்து என்ன செய்வது? கிளாலியைச் சொன்னார். கைக்குள் இருந்து வழுக்கிப் போன கையைச் சொன்னார். பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ என்று அம்மா கேட்டதையும் சொன்னார். யோகாவுக்குக் கொடுத்த வாக்கு அந்த நடைபாதையிலேயே போயிற்று.

சிவாஜினி அழவில்லை. கையில் இருந்த ஓட்டுத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பேசத் தொடங்கியபோது, எப்போதும் பாதி ஆங்கிலமாக வருகிற பேச்சில் அன்று ஆங்கிலம் ஒரு சொல்லும் இல்லை.

"நான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மோர்டியலொக்குக்குப் போறனான் அப்பா. அம்மா செத்ததில இருந்து போறன். பொம்பிளையள் போகக்கூடாதெண்டு நீங்கள் பேசுவீங்கள் எண்டுதான் சொல்லேல்லை. பிள்ளை வயித்தில வந்தது முதல்முதல் அவவுக்குத்தான் சொன்னனான். உங்களுக்கு வருத்தம் வந்த நேரம் அப்பாவைக் காப்பாத்தித் தாங்கோ எண்டு அந்தக் குளிருக்குள்ள தண்ணிக்குள்ள இறங்கி நிண்டு கேட்டனான்."

ஓட்டுத் துண்டை அப்பாவின் கையில் வைத்தாள்.

"அப்ப நான் அங்க ஆரோட கதைச்சனான்?"

விறகுச் சாம்பலோடு என்று தகப்பன் ஒருவன் தன் பிள்ளையின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வான்? யோகாவைத் தண்ணீரில் இருந்து காப்பாற்றியதாக இவ்வளவு நாளும் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமைக்குப் பிள்ளையின் அம்மாவை விலையாகக் கொடுத்திருக்கிறேனே என்று அப்போதுதான் அவருக்குச் சுட்டது.

ஒரு சொல்லும் விளங்காத கொஸ்டா, உள்ளே இருந்தது யார் என்று மெல்லக் கேட்டார். என் தாய் என்று சிவாஜினி சொன்னாள். அந்தப் பெரிய மனிதர் தொப்பியைக் கழற்றி, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு இயந்திரத்தின் பீப்பாவைக் கழற்றி அப்படியே அவர்கள் முன்னால் வைத்தார். போன கிழமை வேலை செய்த வேறு வீடுகளின் கரியும் இதற்குள் கிடக்கிறது, அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை என்றார்.

இந்திரகுமார் பீப்பாவுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். உள்ளே எல்லாம் கறுப்பு. நூறு வருடத்துக் கரி, முன்பின் தெரியாத குடும்பங்களின் கரி, ஒரு பறவைக் கூட்டின் சுள்ளிகள். அதற்குள் இங்கேயும் அங்கேயுமாகக் கொஞ்சம் வெளிறிய சாம்பல். அவர் அதை விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளி உள்ளங்கையில் வைக்கத் தொடங்கினார். கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதனதன் இடத்தில் போட்ட கை அது. இதில் அந்தக் கை தோற்றுப்போனது. தொட்டதெல்லாம் கறுப்போடு கலந்து, கை முழுக்கக் கறுப்பானது. அவர் விடாமல் கிள்ளிக்கொண்டிருந்தார். கொஸ்டாவின் தம்பி கூரையில் இருந்து இறங்கி வந்து, பார்த்துவிட்டு, வேறு பக்கம் திரும்பி நின்றார்.

"விடுங்கோ அப்பா" என்றாள் சிவாஜினி. அவர் கேட்கவில்லை. அவள் குனிந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, தோட்டத்துக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கையைக் கழுவிவிட்டாள். கழுவிய தண்ணீர் கறுப்பாக ஓடி வடிகாலுக்குள் போவதை இரண்டு பேரும் பார்த்தார்கள். யோகாவில் ஒரு துளி அப்படித் தண்ணீரோடு போயிற்று. அவர் அதைச் சொல்லவில்லை. அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், குழாயை அவசரமாகப் பூட்டினாள்.

புகைக்கூட்டின் அடியிலேயே, சுவருக்கு வெளியே, கொஸ்டா ஒரு குழி வெட்டிக் கொடுத்தார். பீப்பாவில் இருந்த அத்தனையையும் அதற்குள் கொட்டி மூடினார்கள். மந்திரம் தெரிந்தவர் யாரும் இல்லை. இந்திரகுமார் தேவாரம் ஒன்று தொடங்கினார், இரண்டாம் அடிக்கு மேல் போக முடியவில்லை. சிவாஜினிக்கு அது தெரியாது. மீதி பாடப்படாமலே நின்றது.

வேலையை இன்னொரு நாளைக்கு வைப்போமா என்று கொஸ்டா கேட்டார். வேண்டாம், இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று சிவாஜினி சொன்னாள். பெரிய சுருளாக வந்த ஸ்டீல் குழாயை அவர்கள் கூரைக்குத் தூக்கினார்கள். தம்பி மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட, கொஸ்டா முன்னறையில் படுத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்துக் கீழே இழுத்தார். அது செங்கல்லில் உரசிக்கொண்டு இறங்குகிற சத்தத்தை இந்திரகுமார் சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். குழாயை ஹீட்டரோடு பொருத்தி, சுற்றியிருந்த இடைவெளியைத் தகட்டால் அடைத்து, மேலே ஒரு தொப்பியும் வைத்தார்கள். பின்னேரம் விறகு போட்டுப் பற்றவைத்தபோது ஒரு துளி புகை வீட்டுக்குள் வரவில்லை. அருமையான வேலை. இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த வீடு சூடானது. இந்திரகுமார் கம்பளிச் சட்டையைக் கழற்றாமல், வியர்த்துக்கொண்டு இருந்தார்.

சிவாஜினி அவருக்குச் சோறு போட்டு வைத்தாள், மருந்தை எடுத்துக் கொடுத்தாள். தான் சாப்பிடவில்லை. போட்டு வாறன் அப்பா என்று சொல்லிவிட்டுப் போனாள். கிளென் வேவர்லி அறையைப் பற்றி அன்று அவள் வாயே திறக்கவில்லை. அவள் கேட்டிருந்தால் அன்றே ஓம் என்றிருப்பார். இனி அவர் காவல் இருக்க அந்த வீட்டில் என்ன இருந்தது?

செவ்வாய், புதன், வியாழன், அவளிடமிருந்து தொலைபேசி வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை இந்திரகுமாரே அவளை அழைத்தார். அவள் பேசமுதல் காற்றின் இரைச்சல் கேட்டது. எங்கே நிற்கிறாய் என்று கேட்டார். மோர்டியலொக்கில் என்றாள்.

"அங்க அம்மா இல்லைப் பிள்ளை."

"தெரியும். ஆனா நான் அவவுக்குச் சொன்னதெல்லாம் இங்கதானே அப்பா கிடக்கு."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். ரயில் எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் வந்துவிடலாம், அடுத்த வெள்ளியில் இருந்து நானும் வரட்டோ என்று அவர் கேட்டார்.

"வேண்டாம் அப்பா. இவ்வளவு நாளும் அம்மாவை நீங்கள் உங்களுக்கெண்டு தனிய வைச்சிருந்தனீங்கள்தானே. இந்த இடம் என்ர."

"ஓம் பிள்ளை" என்றார் இந்திரகுமார். அவள் சொன்னது நியாயம். அந்த நியாயத்துக்கு முன்னால் அவர் கேட்பதற்கு இனி ஒன்றும் இல்லை.